பச்சை விளக்கு எரிந்தால் நன்றாக இருக்கும்

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. மரியாதை செய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். விஷயம் வேறு. என்னோடு சேர்த்து, புகைப்படக்காரர் என்ற பதவியையும் அவர்கள் ஓய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போது ஒவ்வொரு மேற்பார்வையாளர் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது; விழாவோ விபத்தோ, அவர்களே படம் எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்றிய ஒரு விபத்துப் படத்தில், பழுதான இயந்திரத்தை விட எடுத்தவரின் கட்டைவிரல் பெரிதாக விழுந்திருந்ததாம். அதனால் எனக்கு ஒரு மணி நேர வகுப்பு.

சொல்லிக் கொடுக்க அதிகமில்லை. எதையும் தொடாதே. முதலில் கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு படம். பிறகு பத்தடி தூரத்தில், பிறகு மூன்றடியில். கடைசியாக அளவுகோலை வைத்து நெருக்கத்தில், அதே கோணத்தில் அளவுகோல் இல்லாமல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் எண், நேரம், நீ நின்ற இடம், இவற்றை உடனே எழுது. மாலையில் எழுதுவது நினைவு, குறிப்பு அல்ல. இவ்வளவுதான். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் நகைச்சுவை சொன்னேன்.

முடிக்கும்போது பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டார்: "சார், நீங்க எடுத்த போட்டோவால யாருக்காச்சும் கெட்டது நடந்திருக்கா?"

டீ வந்துவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். டீ வந்தது உண்மைதான். ஆனால் அது பதில் அல்ல. பதில் இது.

*

நான் கோவில்பட்டிக்காரன். இயற்பியல் பட்டம், அதற்கு மேல் சென்னையில் புகைப்படக் கலையில் இரண்டு வருடம், அதற்கு மேல் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் மணப்பெண்களின் மூக்குத்தியில் ஃப்ளாஷ் வெளிச்சம் தெறிக்காமல் எடுப்பது எப்படி என்று நான்கு வருடம். ஓசூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரமே ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். தமிழ்நாட்டுக்குள் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும் என்று ஊரில் யாரும் சொல்லியனுப்பவில்லை.

தகடுகளை அச்சில் அழுத்தி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. புகைப்படக்காரனை எந்தத் துறையில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கேன்டீன், தோட்டம், ஆம்புலன்ஸ் இவையெல்லாம் பர்சனல் துறையில் இருந்தன. என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். காலையில் உற்பத்திப் பொருள்களைப் படமெடுப்பேன். பளபளக்கும் தகட்டில் என் மூக்கே தெரியாமல் இருக்க, சுற்றிலும் டிரேசிங் தாளைக் கூடாரம் போலக் கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட வேண்டும். மதியம் அடையாள அட்டைப் படங்கள். தளியிலிருந்து வந்தவரிடம் கன்னடத்தில் "சொல்ப நகி" என்பேன், அடுத்தவரிடம் தெலுங்கில் "கொஞ்செம் நவ்வண்டி", தேனிக்காரரிடம் "சிரிங்க". மூன்று மொழியிலும் ஒருவரும் சிரித்ததில்லை. சிரித்த முகத்தோடு அட்டை இருந்தால் கேட்டில் விடமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

என் மேலதிகாரி சம்பத் சார், பர்சனல் மேனேஜர். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டையைக் கடைசிப் பொத்தான் வரை போட்டிருப்பார். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, மூக்கருகில் வைத்துப் பார்ப்பார். முதல் நாள் நான் மெதுவாக, "சார், அது தலைகீழா இருக்கு" என்றேன்.

"தெரியும். நேராப் பார்த்தா நாம எதிர்பார்க்கிறதுதான் தெரியும். தலைகீழாப் பார்த்தா என்ன இருக்கோ அது தெரியும்."

அவர் யாருக்கும் எந்த அறிவுரையும் சொன்னதில்லை. மேசையில் நிலையாணைப் புத்தகம் இருக்கும். தொழிற்சாலையில் யார் எப்போது எதைச் செய்யலாம், செய்யக்கூடாது, செய்தால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில். யார் என்ன கேட்டாலும் அதைத் திறந்து ஒரு பத்தியை வாசிப்பார். மூடுவார். நீங்கள் எழுந்து போகலாம் என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு மேலதிகாரி கிடையாது. பின்சக்கரத்தில் ஏழு பற்சக்கரம் வைத்த சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். அதில் கேமராப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஜூஜுவாடிப் பக்கம் போவதில்லை. அங்கே கர்நாடக எல்லை தாண்டக் காத்திருக்கும் லாரிகளுக்கு நடுவில் சைக்கிள் ஓட்டுவது உடற்பயிற்சி அல்ல, வேறு ஏதோ. தளி சாலைதான் என் சாலை. முட்டைக்கோசு வயல், ரோஜாத் தோட்டம், பனி. வழியில் டீக்கடையில் நிறுத்தினால் தவறாமல் யாராவது அக்கறையோடு விசாரிப்பார்கள்: "இன்னா சார், வண்டி ரிப்பேரா?" நல்ல வேலையில் இருக்கும் ஒருவன் விருப்பப்பட்டு சைக்கிளில் வருவான் என்பதை அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சில வருடம் மறுத்துப் பார்த்தேன். பிறகு ஆமாம் ரிப்பேர் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஒரு வடை கூடுதலாகக் கிடைத்தது.

அந்தச் சாலையில்தான் ஒருநாள், பின்னால் கேரியர் வைத்த கறுப்பு சைக்கிளில், கியர் என்ற ஒன்றே இல்லாமல், ஓர் ஆள் ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போனான். தாண்டும்போது, "குட்மார்னிங் சார், கம்பெனி போட்டோகிராபர்தான நீங்க?" என்று மூச்சு வாங்காமல் கேட்டான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேச மூச்சில்லை.

அவன்தான் மாதேஷ். அஞ்செட்டிக்கு அப்பால் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்தவன், எங்கள் தொழிற்சாலையில் ஏழாம் எண் பிரஸ் இயந்திரத்தை ஓட்டியவன். மனைவியும் மாடுகளும் ஊரில். இவன் ஓசூரில் ஓர் அறையில் தங்கியிருந்தான். அதன் பிறகு நான்கு வருடம் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்துதான் போனோம். எனக்கு ஏழு பற்சக்கரம், அவனுக்கு ஒன்று. ஏற்றத்தின் உச்சியில் அவன் பீடி பிடித்தபடி காத்திருப்பான். "உங்க சைக்கிள் நல்ல சைக்கிளு சார். மெதுவாப் போறதுக்கு எவ்ளோ வசதி பாருங்க" என்பான்.

*

ஆயுத பூஜை எங்கள் தொழிற்சாலையில் பெரிய நாள். ஒவ்வொரு குழுவும் தன் இயந்திரத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு இயந்திரத்துக்கு எதிரே மாட்டுவார்கள். எந்தக் குழுவின் படம் அழகு என்பதில் வருடம் முழுவதும் சண்டை நடக்கும்.

நானும் மாதேஷும் பழகிய நான்காம் வருடப் பூஜையில் ஏழாம் எண்ணுக்கு வந்தேன். இங்கே அந்த இயந்திரத்தைப் பற்றி நான்கு வரி சொல்லியாக வேண்டும். அச்சு ஏறி இறங்கும் இடத்துக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பிவலைக் கதவு. கதவை மூடினால் அது ஒரு சிறிய சுவிட்சை அழுத்தும். பச்சை விளக்கு எரியும், இயந்திரம் ஓடும். கதவைத் திறந்தால் சுவிட்ச் விடுபடும், விளக்கு அணையும், இயந்திரம் அந்த நொடியே நிற்கும். உள்ளே கை விடுபவனின் கையைக் காப்பாற்றுவது அந்தச் சுவிட்ச்தான்.

கதவை மூடி வைத்துப் பார்த்தேன். குங்குமமும் மாலையும் வலைக்குப் பின்னால் ஜெயிலில் இருப்பது போல இருந்தன. கதவைத் திறக்கச் சொன்னேன். திறந்தால் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. சாம்பல் இயந்திரம், மஞ்சள் சாமந்தி, சிவப்புக் குங்குமம். அந்த மூலையில் ஒரு பொட்டுப் பச்சை இருந்தால் படம் எங்கேயோ போய்விடும். இதற்கெல்லாம் நான் படித்திருக்கிறேன் அல்லவா?

"மாதேஷ், அந்தப் பச்சை லைட்டு எரிஞ்சா நல்லா இருக்கும்."

அவன் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தான். விளக்கு எரிந்தது. ஆனால் அவன் இயந்திரத்துக்குப் பக்கவாட்டில் மறைந்துவிட்டான். அவன் இல்லாமல் ஏழாம் எண் படமா? "கைய எடுத்துட்டு எரிய வைக்க முடியுமா?" என்றேன். மாலையிலிருந்து ஒரு வாழைநாரை உருவி, அழுத்தியபடியே சுவிட்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு ஓடிவந்து நடுவில் நின்றான். மோட்டார் ஓடவில்லை, ஆபத்தொன்றும் இல்லை. மூன்று படம் எடுத்தேன். அப்போது வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போவதாகக் கத்தினார்கள். பொரியும் கடலையும் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் ஓடினார்கள். நானும்தான்.

விடுமுறை முடிந்து வந்தவர்கள் மாலையை எடுத்தார்கள், கதவை மூடினார்கள், ஓட்டினார்கள். சுவிட்ச் இருந்த மூலை யார் கண்ணிலும் படவில்லை. தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது நிரப்ப வேண்டிய சோதனைப் பட்டியலில் "பாதுகாப்பு சுவிட்ச் சரியாக உள்ளது" என்ற வரியில் மூன்று நாளும் டிக் இருந்தது, மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு. மூன்று கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தன என்பதை ஒரு தொழில்காரனாகக் குறிப்பிடுகிறேன்.

மூன்றாம் நாள் தகடு ஒன்று உள்ளே சிக்கியது. மாதேஷ் ஆயிரம் முறை செய்தது போலவே கதவைத் திறந்து கையை விட்டான். இயந்திரம் நிற்கவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் வேகம் அவனிடம் இருந்தது. அதனால் இடது சுண்டுவிரலின் நுனி மட்டும்தான் போயிற்று.

பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மாதேஷை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். என் முறைப்படி நான்கு மூலை, பத்தடி, மூன்றடி, அளவுகோல். கடைசிப் படத்தில் சுவிட்சும் அதைச் சுற்றிய காய்ந்த நாரும். நாரின் ஒவ்வொரு இழையும் எண்ணலாம் போல இருந்தது. யாரோ சுவிட்சைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். யாரோ!

நம்பச் சொன்னால் கஷ்டம்தான். ஆனால் அந்த நிமிடம் எனக்கு உண்மையாகவே நினைவு வரவில்லை. அன்று நாற்பத்தியொரு இயந்திரங்களை எடுத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் யாரையாவது எதையாவது திறக்கவோ நகர்த்தவோ சொல்லியிருந்தேன். சொன்னவன் மறந்துவிட்டான்.

சம்பத் சார் அந்தப் படத்தைத் தலைகீழாக வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல தெளிவு" என்றார். இருபது வருடத்தில் அவர் என் படத்தைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

*

வேகமாக ஓட்டி அதிக எண்ணிக்கை காட்டுவதற்காகச் சிலர் சுவிட்சைக் கட்டிவைப்பதுண்டு. தகடு சிக்கும்போதெல்லாம் இயந்திரம் நின்று மறுபடி கிளம்பும் நேரம் மிச்சம். மாதேஷும் அதற்குத்தான் கட்டினான் என்று முடிவு செய்தார்கள். பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்தது என்று குற்றப்பத்திரிகை போயிற்று. நிரூபணமானால் வேலை நீக்கம். இணைப்பு: என் படம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தான். "பூஜை போட்டோ வந்துச்சா சார்?" என்று கேட்டான். இன்னும் பிரின்ட் போடவில்லை என்றேன். "சரி சார்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பூஜைப் படங்கள் அச்சாகி வந்தன. மேசையில் பரப்பி எண் போட்டுக்கொண்டு வந்தேன். ஏழாம் எண். நடுவில் மாதேஷ், இரண்டு கையும் முழுதாக. கதவு அகலத் திறந்திருக்கிறது. மூலையில், நான் கேட்டபடியே, ஒரு பொட்டுப் பச்சை.

படம் எங்கேயோ போய்விட்டது. நானும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சம்பத் சார் அறைக்குப் போய்ப் படத்தை அவர் முன் வைத்தேன். "சார், அந்த நார நான்தான் கட்டச் சொன்னேன். இந்தப் போட்டோவுக்காக. அவிழ்க்கச் சொல்ல மறந்துட்டேன்."

படத்தைத் திருப்பினார். பார்த்தார். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். என்னை நேராகத்தான் பார்த்தார்.

"குற்றப்பத்திரிகைக்கு அவரு பதில் குடுத்துட்டாரு. 'ஆம், நான்தான் கட்டினேன், அவிழ்க்க மறந்துவிட்டேன்.' ஒரே வரி."

"எதுக்காகக் கட்டினேன்னு எழுதலையா சார்?"

"எதுக்காகன்னு நாங்க கேக்கலையே."

அவனுடைய பதிலை அப்படியே ஏற்று முடிப்பதா, விசாரிப்பதா என்று யோசித்து, விசாரணைக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் சொன்னதை வைத்துக் குற்றப்பத்திரிகையைத் திரும்பப் பெற முடியாதா என்று கேட்டேன். அவர் நிலையாணைப் புத்தகத்தைத் திறந்தார்.

"'குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளி விசாரணையில் தன் தரப்புச் சாட்சிகளை அழைத்துக்கொள்ளலாம்.'" ஒரு பக்கம் திருப்பினார். "'அறிவிப்பு கிடைத்தும் அவர் ஆஜராகாவிட்டால், அவர் இல்லாமலே விசாரணையை நடத்தி முடிக்கலாம்.'" மூடினார்.

"அப்ப அவன் வந்து என்னைச் சாட்சியாக் கூப்பிட்டாத்தான் நான் பேச முடியுமா?"

"நான் ஒண்ணும் சொல்லல. வாசிச்சேன்."

கதவருகே போனபோது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. "அறிவிப்பு அவரு கைக்குப் போயிருக்கு. வர்றேன்னு பதில் இல்ல. ஊர்ல இருக்காரு." இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவரே சொன்னது.

*

மாதேஷின் ஊரில் அந்த நாளில் கைப்பேசி எடுக்காது. அஞ்செட்டி வரை பஸ் உண்டு, எப்போதாவது. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் மண்சாலை, அதற்கு எப்போதுமே இல்லை. ஞாயிறு விடியும்போது சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் இரவே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

"ஒத்த வார்த்த சொல்லுததுக்கு அம்பது கிலோமீட்டரு மிதிக்கப் போறியளாக்கும்?" என்றாள். "அன்னிக்கே அந்தப் பையன்கிட்ட அவுத்து விடுடான்னு சொல்லிருந்தா வீட்டோட இருந்திருக்கலாம்லா?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பூஜைப் படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்தேன். படமெடுக்கப் போகவில்லை என்பதால் கேமராவை எடுக்கவில்லை. கேமரா இல்லாமல் நான் கிளம்பிய முதல் ஞாயிறு அது.

மத்திகிரி தாண்டி தேன்கனிக்கோட்டை வரை ஒன்றும் சிரமமில்லை. போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அங்கே டீ குடித்துவிட்டுக் காட்டுச் சாலையில் இறங்கினேன். ஒரு வளைவைத் தாண்டியதும் பால் வண்டி ஒன்று நட்டநடுச் சாலையில் நின்றது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை மட்டும் நீட்டி, அசையாதே என்று சைகை காட்டினார்.

முன்னால் நாற்பதடியில் மூன்று யானைகள். தாய், இன்னொன்று, நடுவில் ஒரு குட்டி. இத்தனை வருடம் அந்தக் காடுகளில் கேமராவோடு அலைந்து சாணம் மட்டுமே எடுத்திருக்கிறேன். இப்போது மூன்றும் காலை வெயிலில், பின்னால் மூங்கில், முன்னால் மெல்லிய புழுதி. குட்டி சாலை ஓரத்தில் இருந்த கிலோமீட்டர் கல்லைத் துதிக்கையால் தடவிக்கொண்டு ஆற அமர நின்றது. பாஸ்போர்ட் போட்டோவுக்குக்கூட யாரும் இப்படி ஒத்துழைத்ததில்லை.

"சார், சைக்கிளப் போட்டுட்டு வண்டில ஏறிக்குங்க" என்றார் டிரைவர் கிசுகிசுப்பாக.

ஏறிக்கொண்டேன். பத்து நிமிடம் பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தோம்.

"போட்டோ கீட்டோ எடுக்கலியா சார்? எல்லாரும் எடுப்பாங்களே."

"கேமரா இல்ல."

"நல்லதுதான். போன மாசம் ஒருத்தன் எடுக்கறேன்னு கிட்டப் போனான். அது அவன எடுக்கப் பாத்துச்சு."

யானைகள் இறங்கிப் போன பிறகு என் சைக்கிளைத் தூக்கினேன். பயத்துக்கும் மிதித்த களைப்புக்கும் சேர்த்துத் தண்ணீர் குடித்தேன். அதோடு ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மறந்து போயிருந்தது.

*

மாதேஷ் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தான், ஒற்றைக் கையால். என்னைப் பார்த்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தான்.

"இன்னா சார், அந்த மண்ரோட்டுல இந்த டயர்லயா வந்தீங்க? பஞ்சர் ஆவலியா?"

உள்ளிருந்து அவன் மனைவி கௌரம்மா வந்தார். "பன்னி சார், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரக் கட்டில் போட்டு, பெரிய செம்பில் மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு உறையிலிருந்து படத்தை எடுத்து மாதேஷிடம் நீட்டினேன்.

பார்த்தான். முகம் மலர்ந்தது. "சூப்பரா வந்துருக்கு சார். பச்ச லைட்டு நீங்க சொன்ன மாதிரியே எடுப்பா இருக்குது."

"மாதேஷ், நான்தானடா கட்டச் சொன்னேன்?"

"ஆமா சார்."

"உனக்கு எப்ப ஞாபகம் வந்தது?"

"ஆஸ்பத்திரில, ஊசி போடறப்ப."

"ஏன் எழுதல?"

மாட்டின் கழுத்தைத் தடவினான். "நீங்க சொன்னீங்கன்னு எழுதுனா உங்களுக்கும் பிரச்சன. கட்டுனது நானு. அவுக்காம உட்டதும் நானு. உங்க பேர எதுக்கு சார் இஸ்துகினு?"

"வேலை போயிடும்டா."

"போனா போவட்டும் சார். மாடு கீது, நாலு மொழம் நெலம் கீது."

அதுவரை உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்த கௌரம்மா, கையில் துடுப்போடு வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தடுமாறும், அன்று தடுமாறவில்லை.

"நாலு மொழம் நெலமா? அதுல ராகி போட்டா கோழிக்குப் பத்தாது. சார், அவரு உங்க போட்டோக்கு ஒரு வெரலே குடுத்தாரு. நீங்க ஒரு வார்த்த குடுக்க மாட்டீங்களா?"

"அதுக்குத்தாம்மா வந்திருக்கேன். ஆனா இவன் வந்து கூப்பிட்டாத்தான் நான் குடுக்க முடியும். சட்டம் அப்படி."

கௌரம்மா கணவன் பக்கம் திரும்பினார். கன்னடத்தில் ஐந்து நிமிடம் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. மாதேஷ் மெதுவாகத் தீவனக் கூடையைக் கீழே வைத்தான்.

"எத்தன மணிக்கு சார் விசாரண?"

களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் ஓசூருக்குத் தக்காளி ஏற்றிப் போன டெம்போவில் கிளம்பினோம். என் சைக்கிள் தக்காளிக் கூடைகளின் மேல் படுத்துக்கொண்டு வந்தது. அஞ்செட்டி மலையை நான் கால் வலிக்காமல் ஏறியது அந்த ஒருமுறைதான். ஏறும்போது மாதேஷ், "பாத்தீங்களா சார், கியர் இல்லாமலே ஏறுது" என்றான்.

*

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர் அம்மா ஒருவர். மாதேஷ் சாட்சியாக என் பெயரைச் சொன்னான். அவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்: நாரைக் காட்டும் விபத்துப் படம், பச்சை விளக்கைக் காட்டும் பூஜைப் படம்.

"ரெண்டும் நீங்க எடுத்ததா?"

"ஆமாங்க."

"உங்க போட்டோ தப்புன்னு நீங்களே சொல்ல வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. ரெண்டு போட்டோவும் சரி. ஒண்ணு அவன் கட்டினதைக் காட்டுது. இன்னொண்ணு ஏன் கட்டினான்னு காட்டுது. அதுல நான் இல்ல, ஏன்னா நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னேன். நான் சொல்லித்தான் கட்டினான்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு சோதனைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மூன்று டிக்குகளையும் பார்த்து, மேற்பார்வையாளரை வரச்சொன்னார். மேற்பார்வையாளருக்கு அது நல்ல நாளாக இல்லை. சம்பத் சார் மூலையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது என்னிடம், "குறிப்பேட்டுல 'யாரோ'ன்னு எழுதியிருக்கீங்க. திருத்தி, பக்கத்துல தேதியும் கையெழுத்தும் போடுங்க" என்றார். போட்டேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. எண்ணிக்கை கூட்டுவதற்காகக் கட்டினான் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை; வேலை நீக்கம் இல்லை. கட்டி மறந்த கவனக்குறைவுக்கு மாதேஷுக்கு மூன்று நாள் இடைநீக்கம். கட்டச் சொல்லி மறந்த கவனக்குறைவுக்கு எனக்கும் மூன்று நாள். மேற்பார்வையாளருக்கு ஐந்து. இனிமேல் எந்த இயந்திரத்தையும் எந்தப் பூஜைக்கும் கதவு மூடிய நிலையில்தான் படமெடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. அதன் வரைவை சம்பத் சார் என்னையே எழுதச் சொன்னார். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

இடைநீக்கத்தின் முதல் நாள் காலை வாசலில் மணி அடித்தது. மாதேஷ், கறுப்பு சைக்கிளோடு, சுண்டுவிரலில் சின்னக் கட்டோடு. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த உத்தரவை எடுத்தான்.

"சார், இத நல்லா படிச்சிப் பாத்தேன். மூணு நாளைக்குக் கம்பெனி கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு போட்டுருக்குது. தளிக்குப் போவக்கூடாதுன்னு எங்கயும் போடல."

என் பிரதியை எடுத்து வந்து நானும் ஒருமுறை முழுதாக வாசித்தேன். போடவில்லைதான்.

அவனுடைய முன்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. என்னுடையதிலும்தான். பம்பை எடுத்து வந்தேன். அவன் கையை நீட்டினான். பிடியை இறுக்கி அழுத்தினால் விரல் வலிக்கும் என்று இருவருக்கும் தெரியும். நான் கொடுக்கவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்; நான் குந்தி உட்கார்ந்து முதலில் அவனுடைய சக்கரத்துக்கும், பிறகு என்னுடையதற்கும் காற்று அடித்தேன்.